இருபது வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் எலும்புக்கு என்ன ஆகும்?

எலும்பு கல் மாதிரி அப்படியே கிடப்பதில்லை. தினமும் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் புதிதாக வளர்கிறது.

அதை ஒரு நெல் பத்தாயமாக நினைத்துக்கொள்ளுங்கள். உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளியூண்டு. ஆனால் அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அதனால், சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டால் உடல் என்ன செய்யும்? கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உத்தரவு போடும். பத்தாயத்திலிருந்து கால்சியம் வெளியேறும். வலிக்காது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பத்தாயம் நிரம்புவது ஏறக்குறைய 30 வயதுவரைதான். மாதவிடாய் நின்றபின் இருப்பு வேகமாகக் கரையும்.

"இளைக்கணும்" என்று பட்டினி கிடந்தால்? மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும்போகலாம். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதன் அறிகுறி அது. வரவும் இல்லை, காவலும் இல்லை!

சரி, எதைச் சாப்பிடுவது? பெண்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் இன்னும் நல்லது. பாலக்கீரையை மட்டும் நம்பாதீர்கள்; அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கூடவே கொஞ்சம் வெயில் வேண்டும். வைட்டமின் டி இல்லாவிட்டால், தின்ற கால்சியத்தில் பெரும்பகுதி குடலோடு போய்விடும்.