தொப்பையும் பீடியும்

ஏர்பேட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர் தினமும் அங்கே உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் டீ. மறு கையில் பீடி.

"பீடியை விடக் கூடாதா, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"விட்டால் உடம்பு போடும் தம்பி. இந்தத் தொப்பை இன்னும் பெருக்கும். தொப்பை இருந்தால் மாரடைப்பு வரும் என்று நீதானே சொன்னாய்?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. பாதி தவறு.

சொட்டுநீர்க் குழாய் பார்த்திருப்பீர்கள். உள்ளே உப்புப் படிந்தால் தண்ணீர் வராது. செடி வாடும். நம் இதயமும் அப்படித்தான். மெல்லிய குழாய்கள் அதற்கு இரத்தம் கொண்டு வருகின்றன. குழாய் அடைத்தால் இதயத் தசை சாகத் தொடங்குகிறது. அதுவே மாரடைப்பு.

பீடிப் புகை குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. இரத்தத்தை எளிதில் உறைய வைக்கிறது. தொப்பைக் கொழுப்பு வேறு வழியில் வேலை செய்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் ஏறுகின்றன. கெட்டுப்போன சுவரில் கொழுப்பு படிகிறது. ஒன்று கீறுகிறது, மற்றொன்று அப்புகிறது. ஒருவரிடமே இரண்டும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் முடிவு வந்தது. புகைப்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. வயிறு பெருத்தவருக்கும் ஆபத்து கூடுதல். இந்தியா போன்ற தெற்காசிய நாட்டு மக்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே மாரடைப்பு வருகிறது. பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கும் வயதில்.

பீடியை விட்டால் எடை கூடுமா? பலருக்கு முதல் ஆண்டில் நாலைந்து கிலோ கூடும். இது உண்மை. ஆனால் அந்த எடையால் வரும் கெடுதலைவிட, பீடியை விட்டதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. ஒரே ஆண்டில், புகையால் கூடிய ஆபத்து பாதியாகக் குறைகிறது. பீடி தொப்பையைக் குறைக்கும் என்பதும் தவறு. புகைப்பவருக்குக் கொழுப்பு வயிற்றில்தான் அதிகம் சேருகிறது. ஆகவே முதலில் பீடி. பிறகு தொப்பை. தினம் அரை மணி வேகமாக நடங்கள். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.

"இரண்டே பீடிதான்" என்பவர்களும் உண்டு. இரண்டும் கெடுதல்தான்.

இன்னொன்று. நடு நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, குப்பென்று வியர்வை. இதை வாயு என்று நினைக்காதீர்கள். என் மாமா அப்படி நினைத்தார். இரவெல்லாம் சோடா குடித்தார். விடியும் முன் போய்விட்டார். 51 வயது. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது.

தையல் நாடாவை எடுத்து வயிற்றை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பெரியவருக்கு 98 இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. புகையை விட உதவும் இலவச எண்ணை அவர் நோட்டிலேயே எழுதச் சொன்னேன்: 1800-11-2356. எழுத்துக் கூட்டி, எண்ணைப் பார்த்து, தப்பில்லாமல் எழுதினார்.