தொட்டால் புண்ணாகும் சருமம்

வாரி அணைத்த இடத்திலெல்லாம் குழந்தைக்குக் கொப்புளம் எழும்புமானால், அந்த வீட்டில் எத்தகைய கலக்கம் உண்டாகும்! பூர்வ ஜன்ம பாவம் என்பர் சிலர். தாய் செய்த அபத்தியம் என்பர் சிலர். தொத்து வியாதியென்று தம் குழந்தைகளை விலக்கிக்கொள்வர் வேறு சிலர். இவற்றில் ஒன்றுக்கும் ஆதாரமில்லை.

இது பரம்பரையாக வரும் நோய். 1886-ம் வருஷத்தில் ஜெர்மானிய வைத்தியர் ஹைன்ரிக் கோப்னர் இதற்கு எபிடெர்மோலிஸிஸ் புல்லோஸா என்று பெயரிட்டார்.

நமது சருமம் மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகளால் ஆனது. மேல்தோலுக்கு உறுதி தருவது கெராட்டின் என்ற புரதம். அதனை உள்தோலோடு நங்கூரம்போல் பிணைத்து நிற்பது ஏழாம் வகைக் கொல்லாஜன். இவற்றை உண்டாக்கும் ஜீன்களில் பழுது இருந்தால், சிறு உராய்வுக்கும் தோல் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. கெராட்டின் குறைவால் வரும் புண் பெரும்பாலும் வடுவின்றி ஆறும். கொல்லாஜன் குறைவானால் வடு விழும். கடுமையான வகையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், உணவுக்குழாய் சுருங்குவதும் உண்டு.

சில வகைகள் தோன்றப் பெற்றோரில் ஒருவரது பழுதே போதும். சில சமயம் பழுது குழந்தையிடமே புதிதாகவும் தோன்றும். வேறு சில வகைகளுக்கோ தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வரவேண்டும். அப்பெற்றோர் பூரண ஆரோக்கியமுள்ளவர்களாகவே இருப்பர். ஆயினும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு இடமுண்டு. மாமனுக்கோ அத்தை மகனுக்கோ பெண் கொடுக்கும் நம் வழக்கத்தில், ஒரே பாட்டனாரின் பழுது இரு புறமும் வந்து சந்திப்பது எளிது. ஆகவே, மருமகளை மட்டும் குறை கூறுவது அறியாமையேயன்றி வேறல்ல.

இக்குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கலாகாது. மெத்தென்ற விரிப்போடு சேர்த்து ஏந்தவேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது. புண்ணில் ஒட்டாத கட்டே வேண்டும். கொப்புளத்தைச் சுத்தம் செய்த ஊசியால் துளைத்து நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விடும் முறையை வைத்தியரிடம் கற்றுக்கொள்ளலாம். சட்டையின் தையல் வெளிப்புறம் இருக்கட்டும்.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. எனினும், 2015-ல் ஜெர்மனியின் போஹும் நகரில், ஏழு வயதுச் சிரியச் சிறுவன் ஒருவனுக்கு, அவனது தோலின் உயிரணுக்களிலேயே ஜீனைத் திருத்தி வளர்த்து, மேல்தோலில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தைப் புதுப்பித்தார்கள். கொல்லாஜன் ஜீனைப் புண்ணிலேயே சேர்க்கும் களிம்பொன்றை 2023-ல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது.

இவை எல்லா வீட்டிற்கும் எட்டும் நாள் வரும்வரை, நம்மால் இயன்றது ஒன்றுண்டு. பள்ளியிலும் பந்தியிலும் இக்குழந்தைக்குப் பக்கத்தில் நம் குழந்தை தயங்காமல் அமரட்டும். இடித்துத் தள்ளாதிருக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.