‘கிரீன்ஹவுஸ்’: அழுத்தம் மாறினா அர்த்தமே மாறும்!

மீட்டிங்கில் ‘கிரீன்ஹவுஸ்’ என்கிறீர்கள். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடமா, பச்சை பெயின்ட் அடித்த வீடா?

தீர்மானிப்பது அழுத்தம்தான். தமிழில் எழுதினால் நீளமாகத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டே அசைகள். ‘கிரீன்’ என்பதை அழுத்தினால் பசுமைக்குடில். ‘ஹவுஸ்’ மீது அழுத்தம் விழுந்தால் வெறும் பச்சை வீடு. அமெரிக்க அதிபரின் ‘ஒயிட் ஹவுஸ்’, வகுப்பறை ‘பிளாக்போர்டு’ எல்லாம் இதே கதைதான்.

நமக்கு ஏன் குழப்பம்? தமிழில் அழுத்தம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில் இரண்டையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம்.

விதிவிலக்கும் இருக்கு. லண்டனின் ‘ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்’ என்றால் அழுத்தம் முதல் சொல்லில். அதுவே ‘ரோடு’ என முடியும் பெயரென்றால் கடைசிச் சொல்லில்!

சந்தேகமா? டிக்‌ஷனரி ஆப்பில் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டி, ஒருமுறை கேட்டுட்டுப் பேசுங்க.