வெக்கைக்குச் சின்னமுத்து என்ன முறை?

1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்கு வந்தபோது, படையினரின் சாப்பாட்டுக்காக ஆடுகளும் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு, நாற்பது வருடங்களாக இந்தத் தீவில் இல்லாதிருந்த வெக்கை நோயும் கரையிறங்கியது. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். ஆட்டில் பெரிதாக வெளியே தெரியாது, மாட்டைக் கொன்றுவிடும். காய்ச்சல், கண்ணீர், முரசில் தவிடு தூவியதுபோல் வெண்புள்ளிகள், பிறகு நிற்காத கழிச்சல். வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. அறுவடை முடிந்த வட்டைகளில் பல பட்டி மாடுகள் கலந்து மேயும் பொத்துவில், அறுகம்பே போன்ற ஊர்களில் இப்படியொரு வைரஸுக்கு வேறு வசதியே வேண்டாம். ஒரு மாட்டின் மூச்சு மற்றதன் மூக்கில் பட்டால் போதும்.

இந்த வைரஸ் பாராமிக்ஸோவிரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கல்முனையில் ஒன்பது மாதப் பிள்ளைக்குப் போடும் எம்.எம்.ஆர். ஊசி தடுக்கிற சின்னமுத்து இதன் நெருங்கிய சொந்தம். இரண்டும் மோர்பில்லி வைரஸ் என்ற ஒரே பேரினம். நாய்களின் டிஸ்டெம்பரும் அதில்தான். கூகைக்கட்டு, கோழிகளின் ராணிக்கெட், கேரளத்தை 2018இல் கலக்கிய நிபா எல்லாம் கொஞ்சம் தூரத்து உறவு.

குடும்ப அடையாளம் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதைப் புரத உறை சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு புரதமும் சரியாக ஆறு எழுத்துகளை மூடும். சின்னமுத்து வைரஸின் மரபெழுத்துகள் 15,894, வெக்கையினுடையவை 15,882. இரண்டையும் ஆறால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. எழுத்து எண்ணிக்கை ஆறின் மடங்காக இல்லாவிட்டால் வைரஸ் ஒழுங்காகப் பெருகாது. இவ்வளவு கறாரான கணக்கை நான் வேறு எந்த உயிரியல் பாடத்திலும் கண்டதில்லை.

தப்பிப் பிழைத்த மாட்டுக்கு வெக்கை மறுபடி வராது. நோயை ஒளித்து வைத்துக்கொள்ளும் மாடும் இல்லை. வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய ஒரே தடுப்பூசி எல்லா ரகத்துக்கும் போதுமானதாக இருந்தது. இலங்கையில் கடைசியாக 1994இல் தென்பட்ட நோய், 2011இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிந்தது இது மட்டுமே.

சின்னமுத்தின் எல்லா ரகத்துக்கும் ஒரே வகைத் தடுப்பூசி போதும், வந்து மாறினால் ஆயுளுக்கும் பாதுகாப்பு. ஆனாலும் அது போகவில்லை. ஊசி போடாத பிள்ளைகள் சிலர் ஓரிடத்தில் சேர்ந்தாலே கிளம்பிவிடும். 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் மறுபடி தலைகாட்டியது அப்படித்தான். அடுத்த குறி ஆடுகளின் பி.பி.ஆர். நோய். இதுவும் மோர்பில்லிதான். இந்தியாவில் இன்னும் இருக்கிறது. 2030க்குள் ஒழிப்பது உலகத் திட்டம்.