அணை மின்சாரமும் பசுமை மின்சாரமா?

போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, அணை மின்சாரத்துல புகை இல்ல, கரி இல்ல. மழை வருஷா வருஷம் பெய்யுது. அதைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தின்னு சொல்றதுல என்ன தகராறு?"

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது, தலைப்பு. அதே ஆள், அதே நகை. விவசாயக் கடன் என்று எழுதினால் ஒரு வட்டி, சொந்தச் செலவு என்று எழுதினால் வேறு வட்டி. சட்டத்தில் ஒரு பெயர் மாறினால் பணம் போகிற வழியே மாறிவிடும்.

2019 மார்ச் வரை நம் நாட்டில் 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களுக்குத்தான் அந்தப் பெயர். அந்த மாதம் மத்திய அமைச்சரவை பெரிய திட்டங்களையும் பட்டியலில் சேர்த்தது. புதிதாக வரும் பெரிய திட்டங்களின் மின்சாரத்தில் ஒரு பங்கை வாங்கியே ஆகணும் என்று மின் விநியோக நிறுவனங்களுக்குக் கட்டாயமும் வந்தது. சாலை, பாலம் போட அரசுப் பணமும் உண்டு.

நியாயமும் இருக்கு. டர்பைன் தண்ணியைக் குடிப்பதில்லை. மேட்டூரில் மின்சாரம் எடுத்த அதே தண்ணிதான் டெல்டாவில் என் வயலுக்கு வருது. பொழுது சாய்ந்து சோலார் நின்ற பிறகு கைகொடுப்பதும் இதுதான்.

ஆனா, புதுப்பிக்கப்படுவது தண்ணி மட்டும்தான். பழைய டெஹ்ரி நகரம் அணைக்குள் மூழ்கியது மூழ்கியதுதான். வயலுக்கு வரவேண்டிய வண்டல் அணையிலேயே தங்கிடுது. வண்டலின் அருமை நமக்குச் சொல்லவா வேணும்?

சிறுசு என்றால் நல்லது என்றும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் மலைச்சரிவால் வந்த வெள்ளம் 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையத்தை அடித்துச் சென்றது. கீழே கட்டுமானத்தில் இருந்த 520 மெகாவாட் தபோவன் திட்டத்தையும் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 200 பேருக்கு மேல். 2023 அக்டோபரில் சிக்கிமில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணையே உடைந்து போனது. ஆறு மெகாவாட் கணக்குப் பார்ப்பதில்லை.

உரம் போடலைன்னு வாயால் சொன்னால் நமக்கு அங்ககச் சான்று கிடைக்குதா? மாறுகாலம் உண்டு, வருஷா வருஷம் ஆய்வு உண்டு. அணைக்கும் அப்படித்தான் இருக்கணும் என்பது என் கருத்து. ஆண்டு முழுக்க ஆற்றில் குறைந்தபட்ச நீர் ஓடுதா, வண்டல் வெளியேற வழி இருக்கா, நிலம் இழந்தவர்களுக்கு மறுவாழ்வு முடிஞ்சதா, அந்த மலை தாங்குமா? இதையெல்லாம் பார்த்துப் பெயர் கொடுக்கட்டும். தவறினால் பெயரைத் திரும்ப எடுக்கட்டும்.

நம்மிடம் கேட்கிற சான்றை அணையிடமும் கேட்பதில் என்ன தப்பு?