பழைய பலகைக்குப் புதிய மூளை

பெஹாலாவின் முதிய கம்ப்யூட்டர்களுக்கு ஆயுள் நீட்டிப்பு தருகிறது விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ஸ்டிக்கர். ஆனால் எத்தனை நாளைக்கு?

பழசை லேசில் தூக்கி எறியாத பேட்டை பெஹாலா. 1698இல் சுதானுட்டி, கோபிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பம் இங்கே பரிஷாவில்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தின் துர்கா பூஜை இன்றும் நின்றபாடில்லை. டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோகா வரை ஆடி அசைந்து போன டிராம் மறைந்து, 2022 டிசம்பர் 30இல் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. கீழே, சந்துக்குள் இருக்கும் வீடுகளில் காலம் கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. துணி உறை போர்த்திய மேஜைக் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு சாட்சி. மகனோ மகளோ மாத்யமிக் பரீட்சைக்குப் படித்த காலத்தில், 2009லோ 2010லோ, சாந்தினி சௌக்கில் உதிரிகளாக வாங்கிப் பூட்டிய பெட்டி.

அப்படியொரு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இன்டெல்லின் ஜி31 அல்லது ஜி41 சிப்செட் கொண்ட மதர்போர்டு கண்ணில்படும். நடுவே எல்ஜிஏ 775 என்ற சாக்கெட். அதில் பென்டியம் டூயல் கோர், மிஞ்சிப்போனால் கோர் 2 டுவோ. இன்றைய இணையத்தின் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் மூச்சு வாங்கும் ஜாதி.

இந்த நோய்க்குத்தான் 2013 வாக்கில் விசித்திரமான ஒரு வைத்தியம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்டெல் தனது சர்வர்களுக்காக 2007இல் வெளியிட்ட ஸியான் இ5450 பிராசஸர், நான்கு கோர்களும் 3 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 12 மெகாபைட் கேஷும் கொண்டது. பெரிய நிறுவனங்களின் சர்வர் அறைகளிலிருந்து இவை ஓய்வுபெற்று வெளியே வந்தபோது, சீனாவின் உதிரிபாகச் சந்தைகளில் குவிந்தன. விலை சரிந்தது. சிக்கல் ஒன்றே ஒன்று: இந்த சிப் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 771. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது 775.

அளவில் இரண்டும் ஒன்று. உள்ளே இருக்கும் சிலிக்கான், வீட்டு உபயோகத்துக்கு விற்கப்பட்ட கோர் 2 குவாட் குடும்பத்தின் உடன்பிறப்பு. அடிப்பக்கத்தில் உள்ள நூற்றுக்கணக்கான தொடுபுள்ளிகளில் ஏறத்தாழ எல்லாமே ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. தொல்லை கொடுப்பவை இரண்டே புள்ளிகள், இடம் மாறி உட்கார்ந்திருப்பவை. அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைக்கும் மெல்லிய மின்சுற்று அச்சிட்ட ஸ்டிக்கர்தான் அடாப்டர். சிப்பின் அடியில் அதைத் துல்லியமாக ஒட்ட வேண்டும். இன்னொரு சில்லறை வேலையும் உண்டு. 771 சிப்பை 775 சாக்கெட்டில் 90 டிகிரி திருப்பித்தான் வைக்க முடியும். அதற்குத் தடையாக சாக்கெட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் மூக்குகளை பிளேடால் சீவிவிட வேண்டும். மதர்போர்டின் மேல் பிளேடு வைக்கப் பயப்படுகிறவர்களுக்காக, சிப்பின் ஓரத்திலேயே புதிய பள்ளம் வெட்டி, ஸ்டிக்கரும் ஒட்டித் தயாராக விற்கிறார்கள். பயப்படுவதே நல்லது. 775 சாக்கெட்டில் தலைமயிர் போல நிற்கும் பின்களில் ஒன்று வளைந்தால் போதும், வைத்தியம் முடிந்தது, நோயாளியும் முடிந்தார்.

வங்காளிகள் இந்த மாதிரி வேலையை 'ஜோடாதாலி' என்பார்கள். ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுவது என்று அர்த்தம். கேலியும் பெருமையும் சரிபாதி கலந்த சொல்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த ஊருக்குப் பழக்கம் அதிகம். நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1956இல் இயங்கத் தொடங்கியது கல்கத்தாவின் வட கோடியில், பரநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில்தான். இங்கிலாந்திலிருந்து வந்த எச்இசி-2எம் என்ற அந்த இயந்திரத்தின் நினைவகம் 1024 சொற்கள். பத்தாண்டு கழித்து, 1966இல், அதே கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உள்ளூரிலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டின. பெயர் ஐஎஸ்ஐஜேயு-1. அதே அறுபதுகளில், எல்.ஐ.சி.யின் கல்கத்தா அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைந்துவிடாமல் ஊழியர் சங்கங்கள் காவல் காத்ததும் இதே நகரத்தில்தான். முரண்பாடுகளோடு குடும்பம் நடத்துவது கல்கத்தாவுக்குப் புதிதல்ல.

அடாப்டர் என்ற யோசனையும் புதிதல்ல. தொடங்கி வைத்தது சாட்சாத் இன்டெல்லே. 1992இல் 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில், 486 மதர்போர்டுகளில் சொருகினால் உள்வேகம் இரட்டிப்பாகும் சிப்களை அது விற்கத் தொடங்கியது. "போர்டை மாற்றாதே, மூளையை மட்டும் மாற்று" என்பதுதான் தத்துவம். பிறகு, 486 போர்டிலேயே பென்டியம் ஓடும் என்ற வாக்குறுதி. அதை நம்பி, கூடுதல் துளைகள் கொண்ட சாக்கெட்டோடு போர்டு வாங்கியவர்கள் காத்துக் கிடந்தார்கள். 1995 பிப்ரவரியில் 63 மெகாஹெர்ட்ஸிலும், பின்னர் அதே ஆண்டில் 83 மெகாஹெர்ட்ஸிலும் பென்டியம் ஓவர்டிரைவ் வந்து சேர்ந்தது. ஆனால் பென்டியம் 64 பிட் அகலத்தில் தகவலை விழுங்கப் பிறந்தது. 486 போர்டு ஊட்டுவதோ 32 பிட். பெரிய அண்டாவைச் சின்னக் குழாயில் நிரப்பின கதை. போதாததற்கு, தயார் என்று விளம்பரம் செய்யப்பட்ட போர்டுகள் சிலவற்றில் அது வேலையே செய்யவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் ஏஎம்டி தனது 5எக்ஸ்86 சிப்பைக் கொண்டுவந்தது. 133 மெகாஹெர்ட்ஸ். 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு இணை என்று நிறுவனமே முத்திரை குத்தியது. இதற்கு வேண்டியது 3.45 வோல்ட், பழைய 486 போர்டுகள் தருவதோ 5 வோல்ட். அப்படியே சொருகினால் சிப் கருகிவிடும். எவர்கிரீன், கிங்ஸ்டன் போன்ற நிறுவனங்கள் நடுவில் ஒரு குட்டிப் பலகை வைத்து, அதில் வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டரைப் பொருத்தி விற்றன. மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் சொருகுவதற்கான கட்டை மாதிரிதான் அடாப்டர் என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். முள்ளைப் பொருத்துவது சுலபமான பகுதி. மின்னழுத்தத்தை மாற்றுவதும், போர்டின் தாளத்தை எத்தனை மடங்காகப் பெருக்குவது என்று சிப்புக்குச் சொல்வதும்தான் அதன் நிஜமான உத்தியோகம்.

இந்தக் கலையின் பொற்காலம் 1998இல் தொடங்கியது. அந்த ஆண்டு வெளிவந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகளில் பிராசஸர், கேசட் போல நிமிர்ந்து நிற்கும் 'ஸ்லாட் 1'இல் சொருகப்பட்டது. அடுத்த ஆண்டே இன்டெல் மனதை மாற்றிக்கொண்டு, தட்டையான 370 பின் சாக்கெட்டுக்கு நகர்ந்தது. ஸ்லாட்டில் சொருகும் அட்டையின் மேல் 370 சாக்கெட்டை ஏற்றிய 'ஸ்லாட்கெட்' உடனே பிறந்தது. டில்லி நேரு பிளேஸ், சென்னை ரிச்சி தெரு, கல்கத்தா சாந்தினி என்று உதிரிக்கடை உலகத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பச்சை அட்டை நினைவிருக்கும். உச்சம் 'பவர்லீப்' நிறுவனத்தின் அடாப்டர்: சொந்த ரெகுலேட்டரோடு வந்த இது, 1.4 கிகாஹெர்ட்ஸ் செலரானை 440பிஎக்ஸ் போர்டில் ஓட்டியது. 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 வாங்கியவருக்கு, அதே போர்டில், நான்கு மடங்கு கடிகார வேகம்.

பிறகு ஏன் இந்த வம்சம் அற்றுப்போனது? கம்பெனிகளின் பேராசை என்பது பாதி பதில். மறுபாதி பொறியியல். அந்தக் காலத்தில் பிராசஸர் வெளியுலகோடு பேசியது ஒரே ஒரு பொதுப் பாதை வழியாக. மெமரியைக் கட்டி மேய்த்தது மதர்போர்டில் இருந்த சிப்செட். 2008 முதல் இன்டெல் மெமரி நிர்வாகத்தை பிராசஸருக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. ஏஎம்டி அதற்கும் முன்னரே அப்படிச் செய்திருந்தது. இப்போது சிப்பிலிருந்து ராமுக்கு நேரடியாக ஓடும் நூற்றுக்கணக்கான அதிவேக இழைகளை, நடுவே ஒரு பலகை வைத்துத் திருப்பிவிடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மடிக்கணினிக்காகப் பிறந்த இன்டெல் சிப்களை எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் உட்காரவைத்து சீன வியாபாரிகள் விற்கும் வினோதங்கள் விதிவிலக்கு. அடாப்டரே தேவைப்படாமல் நீண்டகாலம் உழைத்தது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்: 2017இல் வாங்கிய போர்டுக்கு 2022இல் பயாஸ் புதுப்பித்து ரைசன் 5000 வரிசையை ஏற்ற முடிந்தது.

ஆக, பெஹாலாவின் 775 பெட்டிகள் ஒரு பெரிய பரம்பரையின் கடைக்குட்டிகள். வைத்தியத்துக்கு எல்லாப் பெட்டியும் லாயக்கில்லை. 945 சிப்செட் என்றால் ஆசையை விட்டுவிடலாம். ஜி31 பல சமயம் தகராறு செய்யும். ஜி41 பரவாயில்லை. ஆனால் ஜி41 போர்டுகள் சிக்கன யுகத்தின் தயாரிப்புகள். பிராசஸருக்கு மின்சாரம் வடித்துத் தரும் பகுதி பலவற்றில் மெலிந்தே இருக்கும். 120 வாட் குடிக்கும் ஸியான் எக்ஸ்5460ஐ அதில் ஏற்றுவது சைக்கிள் ரிக்ஷாவில் பீரோ ஏற்றுவது போல. கல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் கபாசிட்டர்கள் உப்பிக்கொள்ளும். 80 வாட் இ5450, இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் 50 வாட் எல்5420 போதும். சிப்பைப் பொருத்தியதும் போர்டு அதை அடையாளம் காணாமல் போகலாம். பயாஸுக்குள் அந்த சிப்புக்கான மைக்ரோகோடைச் சேர்த்து எழுத வேண்டும். எழுதும்போது கரன்ட் போனால் போர்டும் போகும்.

எல்லாம் கூடிவந்தாலும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைக் குறுக்கு வழியில் தாண்டி, பழைய கம்ப்யூட்டர்களிலும் அதை ஏற்றிப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பிராசஸரில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லையென்றால் அது கிளம்பவே கிளம்பாது. ஸியான் இ5450இல் இருப்பது 4.1. அந்தப் புள்ளி ஒன்றை ஒட்டவைக்க எந்த ஸ்டிக்கரும் கிடையாது.

அப்படியானால் மூளை மாற்றுவது வீண் வேலையா? லினக்ஸுக்கு மாறத் தயாராக இருப்பவருக்கு இல்லை. கணக்கு எழுதவும் வங்காளியிலோ தமிழிலோ கடிதம் தட்டவும் வீடியோ பார்க்கவும் நான்கு கோர் தாராளம். விண்டோஸைவிட்டு நகர மாட்டேன் என்பவர் காசை முடிந்துவைத்துக்கொண்டு, எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுவது உத்தமம். யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது பிராசஸர் மாற்றமல்ல. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுவது. பழைய சாட்டா இணைப்பு அதன் முழு வேகத்தைத் தராதுதான். ஆனாலும் பெட்டி விழித்தெழும் வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும். ராமும் இடமிருந்தால் ஏற்றலாம்; ஜி41இன் எல்லை 8 ஜிபி.

அதற்குப் பிறகும் ஸியான் ஆசை விடவில்லையென்றால், சாந்தினிக்கு பஸ் ஏறும் முன் மதர்போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில், வெவ்வேறு பயாஸோடு இரண்டு மூன்று தினுசு போர்டுகள் வந்திருக்கும். எந்தத் தினுசு என்று சொல்லும் ரிவிஷன் எண்ணைப் போர்டின் ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.