கம்பம் பஸ்ஸும் கப்பல் கணக்கும்!

தேனிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. இருக்கிற பெரிய தண்ணீர் வைகை அணைதான். அதில் நீர்மூழ்கிக் கப்பல் விட்டால் மீன்பிடிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால், தேனியில் ஒரு மாடி ரூமில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அட்லாண்டிக் சமுத்திரமே அலையடிக்கிறது, சார்!

ரூம்வாசி என் நண்பன். பகலில் ஆபீஸ் கிளார்க். ராத்திரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன்! உபயம், 2005-ல் வெளிவந்த 'சைலன்ட் ஹன்டர் 3' கம்ப்யூட்டர் கேம்.

"உட்காரு மாப்ள, ஒரு கப்பலைக் கவுத்துட்டுப் போ" என்றான்.

உட்கார்ந்தேன். பெரிஸ்கோப்பில் ஒரு சரக்குக் கப்பல் ஆடி அசைந்து போனது. நட்டநடு வயிற்றில் குறிவைத்து பட்டனைத் தட்டினேன். டார்பிடோ போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது. கப்பல் டாட்டா காட்டிவிட்டு மறைந்தது. இப்படியே மூன்று டார்பிடோ காலி!

"நீ ஓடுற பஸ்ஸைப் பிடிச்சதே இல்லையா மாப்ள?" என்றான் நண்பன்.

கம்பம் பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்குத் தெரியும். ரோட்டைக் குறுக்கே கடந்து பிடிக்கிறவன், பஸ் இப்போது இருக்கிற இடத்தைப் பார்த்தா ஓடுகிறான்? அது வரப்போகிற இடத்துக்கல்லவா ஓடுகிறான்! டார்பிடோவும் அப்படித்தான்.

முதலில் கப்பலின் வேகம் தெரியணும். நாம் அசையாமல் நின்றுகொண்டு, பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டைக் கப்பலின் மூக்கு தொடும்போது ஸ்டாப் வாட்ச்சைத் தட்டணும். வால் தாண்டும்போது நிறுத்தணும். 120 மீட்டர் கப்பல் 24 விநாடியில் தாண்டினால், விநாடிக்கு 5 மீட்டர். கிட்டத்தட்ட 10 நாட் வேகம்.

ஜெர்மானியரின் மின்சார டார்பிடோ ஓடுவது 30 நாட். 1,000 மீட்டர் போக சுமார் 65 விநாடி பிடிக்கும். அதற்குள் கப்பல் 325 மீட்டர் நகர்ந்திருக்கும்! நான் இதுவரை சுட்டது வெறும் தண்ணீரை.

அதனால், கப்பல் போகிற பாதைக்கு நேர் குறுக்காக நம் மூக்கைத் திருப்பிக்கொண்டு காத்திருக்கணும். கப்பல் நமக்கு நேரே வர இன்னும் 18 டிகிரி இருக்கும்போதே சுட்டுவிடணும். இதில் ஒரு சௌகரியம்... தூரத்தைத் தப்பாக எடைபோட்டாலும் இந்தக் கோணம் மாறாது. கிட்டே என்றால் இரண்டுக்கும் நேரம் குறையும். எட்ட என்றால் இரண்டுக்கும் கூடும். ஆனால், வேகத்தில் தப்பு செய்தால் போச்சு! எட்டப் போகப் போக அந்தத் தப்பு பெரிதாகும். அதனால்தான் கேப்டன்கள் ஆபத்து என்று தெரிந்தும் கிட்டே நெருங்கினார்கள்.

18 டிகிரி. சுட்டேன். மனசுக்குள் எண்ணினேன். அறுபத்தி மூணு... அறுபத்தி நாலு... டமார்! கப்பல் இரண்டாகப் பிளந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுப் பெரியவர் மாடியேறி வந்துவிட்டார். நேவியிலிருந்து ரிடையரானவர்.

கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் கப்பல்ல எத்தனை பேரு தம்பி?" என்றார்.

கேமில் எத்தனை டன் மூழ்கியது என்றுதான் காட்டுகிறது. நாங்கள் முழித்தோம்.

"குக்ரியில 194 பேரு" என்றார்.

1971 டிசம்பர் 9. டையூ கடலுக்கு அப்பால், பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி முதல் டார்பிடோவை நம் 'கிர்பான்' கப்பலை நோக்கி விட்டது. அது வெடிக்கவில்லை. இரண்டாவது, 'குக்ரி'யைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் உயிரிழந்தார்கள். தப்பிக்க மறுத்து கப்பலோடு போன கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் அதுதான்.

"அங்கேயும் ஒருத்தன் இதே கணக்கைத்தான் போட்டிருப்பான். சரியாப் போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார்.

மறுநாள் ராத்திரியும் போனேன், பொய் சொல்வானேன். ஒரு கப்பலும் கவிழ்ந்தது. ஆனால், இரண்டு பேருமே கூச்சல் போடவில்லை. கீழ்வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது.